போரில் கணவரை இழந்தவர்களின் ரயில் சலுகை எங்கே?

ஆசிரியருக்கு,

போரிலும் பயங்கரவாதிகளுடனான மோதலிலும் உயிரிழந்த வீரர்களின் மனைவியருக்கு இந்திய ரயில்வே வழங்கிவந்த 75 சதவீதக் கட்டணச் சலுகை 2020 மார்ச் 20 அன்று நிறுத்தப்பட்டது. கொரோனா பரவிய நேரத்தில் வெளியூர்ப் பயணங்களைக் குறைக்க வேண்டும் என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட காரணம். கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாக விலகின. 'சிறப்பு ரயில்' என்ற பெயரும் அதற்கான கூடுதல் கட்டணமும் போய், 2021 நவம்பரில் ரயில்கள் பழைய எண்களிலேயே ஓடத் தொடங்கின. சலுகை மட்டும் திரும்பவில்லை. மூத்த குடிமக்களுக்கான சலுகையைப் பற்றி நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் அடிக்கடி பேச்சு எழுகிறது. அதே உத்தரவில் அடிபட்ட இந்தப் பெண்களைப் பற்றிப் பேசுவார் இல்லை.

படையில் பணியாற்றுபவரின் பயணம் தனி ஏற்பாட்டில் நடக்கிறது. இடமாற்றத்துக்கும் பணி நிமித்தமான பயணத்துக்கும், வரையறுத்த அளவில் விடுமுறைக்கும் கட்டணமில்லாப் பயணத்துக்கான வாரண்ட் உண்டு. சொந்தச் செலவில் போகும்போது கட்டணத்தைக் குறைத்துத் தரும் 'டி' படிவம் உண்டு. மனைவியும் பிள்ளைகளும் விதிகளுக்கு உட்பட்டு இந்த ஏற்பாட்டில் சேர்வார்கள். அடிக்கட்டையோடு கூடிய புத்தகத்திலிருந்து யூனிட் அலுவலகத்தில் வாரண்டைக் கிழித்துக் கொடுக்க, அதைக் கவுன்ட்டரில் நீட்டி டிக்கெட்டாக மாற்றிக்கொள்வது பழைய வழக்கம். இப்போது பெரும்பாலும் பாதுகாப்புத் துறையின் இணையவழி முன்பதிவிலேயே வேலை முடிந்துவிடுகிறது. பெரிய நிலையங்களில் படையினரின் பயணத்தைக் கவனிக்க எம்.சி.ஓ. அலுவலகமும், ரயில்களில் ராணுவ ஒதுக்கீடும் இருக்கின்றன. வாரண்டில் போகும் வீரருக்கான கட்டணம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கணக்கிலிருந்து ரயில்வேக்குச் சேர்கிறது. அதனால்தான் 2020 உத்தரவு அந்த ஏற்பாட்டைத் தொடவில்லை.

வீரர் களத்தில் இறந்ததும் அந்தக் குடும்பம் வாரண்ட் ஏற்பாட்டிலிருந்து வெளியே வந்துவிடுகிறது. அதன்பின் மனைவிக்கு மிஞ்சியது ரயில்வே தன் பொறுப்பில் தந்துவந்த 75 சதவீதச் சலுகைதான். அந்தப் பட்டியலில் ஐந்து பிரிவினர் இருந்தார்கள்: போர்களில் இறந்தவர்களின் மனைவியர், இலங்கையில் இறந்த அமைதிப்படை வீரர்களின் மனைவியர், 1999 கார்கில் போரில் இறந்தவர்களின் மனைவியர், பயங்கரவாதிகளுடனும் தீவிரவாதிகளுடனும் மோதி இறந்த முப்படை வீரர்களின் மனைவியர், அதேபோல் இறந்த காவலர்கள் மற்றும் துணை ராணுவத்தினரின் மனைவியர். சலுகை இரண்டாம் வகுப்புக்கும் ஸ்லீப்பருக்கும் மட்டுமே. குளிர்சாதனப் பெட்டி கேட்டவர்கள் இல்லை. குறைந்ததும் அடிப்படைக் கட்டணம்தான். முன்பதிவுக் கட்டணத்தையும் அதிவிரைவு ரயிலுக்கான கூடுதல் கட்டணத்தையும் அவர்கள் முழுதாகவே கட்டினார்கள். உரிய அடையாள அட்டையைக் கவுன்ட்டரில் காட்டித்தான் இந்த டிக்கெட்டை வாங்க முடியும் என்பதால் போலிகள் நுழையவும் பெரிய வழியில்லை.

இந்தப் பெண்கள் ரயில் ஏறுவது பெரும்பாலும் கணவரின் பணி விட்டுச்சென்ற வேலைகளுக்காகத்தான். மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர் என்றால் ஆவணங்கள் நீலகிரி வெலிங்டனில் உள்ள ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கும். பிறந்த தேதியில் ஓர் எழுத்துப் பிழை, மகளின் பெயர் விடுபட்டது, மறுமணம் செய்யவில்லை என்ற சான்று என்று ஏதாவது ஒன்றுக்காகச் சென்னையிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ மேட்டுப்பாளையம் வரை போய், அங்கிருந்து மலையேற வேண்டும். ஓய்வூதியம் 'ஸ்பர்ஷ்' என்ற இணையதளத்துக்கு மாறிய பிறகு அலைச்சல் குறைந்திருக்க வேண்டும். கணினி பழகாத மூதாட்டிகளுக்கு அது வேறு ஊரில் வேறு அலுவலகத்துக்கான அலைச்சலாகத்தான் மாறியிருக்கிறது. ராணுவ மருத்துவமனைகளும் முன்னாள் படைவீரர்களுக்கான பாலிகிளினிக்குகளும் எல்லா ஊர்களிலும் கிடையாது. பட்டாளத்துக்கு ஆள் அனுப்புவது பெரும்பாலும் கிராமங்கள். வேலூர் அருகே வீட்டுக்கு வீடு படைவீரர் இருப்பதால் 'ராணுவப்பேட்டை' என்றே பெயர் வாங்கிவிட்ட கம்மவான்பேட்டை போன்ற ஊர்களிலிருந்து எந்த வேலைக்கும் வெளியூர் போய்த்தான் ஆக வேண்டும்.

டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னத்தின் சுவர்களில் 25,942 வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு உயிர்கொடுத்த அத்தனை பேருக்கும் அங்கே ஒரு கல் இருக்கிறது. சென்னையிலிருந்து அந்தச் சுவர் சுமார் 2,200 கிலோமீட்டர். கணவரின் பெயரை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைக்கும் பெண்ணுக்கு, நினைவுச் சின்னம் திறந்து 13 மாதங்களுக்குள் சலுகையை நிறுத்தியது அரசு.

விருது பெற்றவர்களின் நிலை வேறு. பரம்வீர், மகாவீர், வீர் சக்ரா விருதுகளையும் அசோக், கீர்த்தி, சௌர்ய சக்ரா விருதுகளையும் பெற்றவர்களுக்கும், அவர்கள் இறந்திருந்தால் மனைவிக்கும், துணைக்கு ஒருவரோடு முதல் வகுப்பிலோ இரண்டடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலோ போக ரயில்வே இலவசப் பாஸ் தருகிறது. அது தொடர்கிறது, தொடரவும் வேண்டும். ஆனால் களத்தில் இறந்த எல்லோருக்கும் விருது கிடைப்பதில்லை. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் இறந்த 20 வீரர்களில் மகாவீர் சக்ராவும் வீர் சக்ராவும் பெற்றவர்கள் ஐந்து பேர். ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி அந்த ஐவரில் ஒருவர். மற்ற 15 பேரும் அதே இரவில், அதே குளிரில், அதே எதிரியோடு மோதித்தான் இறந்தார்கள். அவர்களில் மணமானவர்களின் மனைவியருக்குச் சக்ரா பாஸும் கிடையாது. 75 சதவீதச் சலுகையோ அவர்கள் கைம்பெண்கள் ஆவதற்குச் சுமார் மூன்று மாதங்களுக்கு முன்பே போய்விட்டது. ஒருநாள்கூட அவர்கள் அதை அனுபவித்ததில்லை.

2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமா தாக்குதலில் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் 40 பேர் இறந்தார்கள். தூத்துக்குடி, அரியலூர் மாவட்டங்களைச் சேர்ந்த இருவரும் அதில் உண்டு. அடுத்த வாரமே, பணியில் உள்ள துணை ராணுவத்தினர் டெல்லிக்கும் ஜம்மு காஷ்மீருக்கும் இடையே விமானத்தில் செல்லலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது. சரியான முடிவு, வேகமான முடிவு. சாலையில் போகும் வீரரின் ஆபத்தை ஒரே வாரத்தில் புரிந்துகொண்ட அரசுக்கு, இறந்த வீரரின் மனைவி ஸ்லீப்பரில் போக ஆகும் செலவு இத்தனை ஆண்டுகளாகப் புரியாமல் இருப்பதை ஏற்க முடியாது.

சலுகைகள் குறித்துக் கேள்வி எழும்போதெல்லாம் ரயில்வே அமைச்சகம் ஒரே பதிலைத்தான் தருகிறது. 2022-23ஆம் ஆண்டில் பயணிகள் கட்டணத்தில் 56,993 கோடி ரூபாய் மானியம் வழங்கப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டில் ஒவ்வொரு பயணிக்கும் சராசரியாக 46 சதவீதம் சலுகை கிடைத்தது. அதற்கு மேல் மாற்றுத்திறனாளிகள், நோயாளிகள், மாணவர்கள் ஆகியோருக்குத் தனிச் சலுகை தொடர்கிறது என்பது அந்தப் பதில். பயணச் செலவில் 57 சதவீதத்தையே ரயில்வே வசூலிக்கிறது என்ற வாசகம் டிக்கெட்டிலும் அச்சாகி வந்தது. இந்தச் சராசரி கோடீஸ்வரருக்கும் கூலித் தொழிலாளிக்கும் பொது. நாட்டுக்காகக் கணவரைக் கொடுத்தவருக்கென்று அதில் தனியாக எதுவும் இல்லை. தவிர, இந்தச் சராசரி மானியம் கொரோனாவுக்கு முன்பும் இருந்தது. 2019-20இல் அது 59,837 கோடி ரூபாய், 53 சதவீதம். அப்போது அந்த மானியத்துக்கு மேல்தான் 75 சதவீதமும் கிடைத்தது.

இந்தப் பெண்களில் பலர் இரண்டு சலுகைகளை இழந்திருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1965, 1971 போர்களில் கணவரை இழந்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். 1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப்படை சுமார் 1,200 வீரர்களை இழந்தது. அன்று இருபதுகளில் இருந்த மனைவியருக்கு இன்று அறுபதை ஒட்டிய வயது. 58 வயதான பெண்களுக்கு இருந்த 50 சதவீத மூத்த குடிமக்கள் சலுகையும் அதே நாளில் நின்றுபோனது. குறைந்தபட்சம் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலுமாவது அதைத் திரும்பத் தரலாம் என்று ரயில்வேக்கான நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தும் பலன் இல்லை.

மூத்த குடிமக்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், செலவு பெரிது என்று சொல்ல ரயில்வேக்கு ஒரு காரணமாவது இருக்கிறது. களத்தில் இறந்த வீரர்களின் மனைவியர் விஷயத்தில் அந்தக் காரணம் செல்லாது. எண்ணிக்கை சிறியது, வகுப்பு மலிவானது, பயனாளிகளின் விவரம் முழுவதும் அரசிடமே இருக்கிறது. அந்தச் செலவையும் ரயில்வே ஏற்க முடியாது என்றால், பணியில் உள்ள வீரரின் வாரண்டுக்குப் பாதுகாப்பு அமைச்சகம் பணம் கட்டுவதைப்போல இறந்த வீரரின் மனைவிக்கும் கட்டட்டும். காவலர்கள், துணை ராணுவத்தினர் குடும்பங்களுக்கு உள்துறை அமைச்சகம் அந்தப் பொறுப்பை ஏற்கட்டும்.

மூத்த குடிமக்கள் சலுகையில் முடிவு வரும்வரை இதையும் கிடப்பில் போட்டுவைக்க எந்த நியாயமும் இல்லை. இந்த ஐந்து பிரிவுகளுக்கு மட்டும் தனிச் சுற்றறிக்கை வெளியிட ரயில்வே வாரியத்துக்கு அதிகாரம் இருக்கிறது. தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் வரும் கூட்டத்தொடரிலேயே இதைத் தனிக் கோரிக்கையாக எழுப்ப வேண்டும். பணியின்போது விபத்திலும் நோயிலும் இறக்கும் வீரர்களின் மனைவியர் பழைய பட்டியலிலேயே இல்லை. சலுகையைத் திரும்பத் தரும்போது அவர்களையும் சேர்க்க வேண்டும். அட்டையைக் கவுன்ட்டரில்தான் காட்ட வேண்டும் என்ற பழைய நிபந்தனையை விட்டு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு இணையவழியிலும் முன்பதிவு செய்ய வழி செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வேலூர் மாவட்டம்