காம்போ பேக் வேண்டாம் அண்ணாச்சி!

கேமரா வாங்கப் போற ஜூனியர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "அண்ணா, கூட என்னல்லாம் வாங்கணும்?" கடைக்காரர் இதுக்கு ஏற்கெனவே பதில் ரெடியா வச்சிருப்பார். பாடி, 18-55 லென்ஸ், 55-250 லென்ஸ், யூவி ஃபில்டர், பை, ஒரு குட்டி ட்ரைபாட், துடைக்கிற துணி, எல்லாம் சேர்த்து காம்போ. யூடியூப்ல கேட்டா வேற பட்டியல்: 50 எம்எம் பிரைம், வைடு ஆங்கிள், என்டி ஃபில்டர். ரெண்டும் தப்புன்னு சொல்ல வரலை. ஆனா ரெண்டுமே, நீங்க எந்த ஊர்ல நின்னு படம் எடுக்கப் போறீங்கன்னு கேட்காமப் போட்ட பட்டியல்.

நான் கடையத்துக்காரன். செல்லம்மாவின் ஊர், பாரதி 1918 முதல் 1920 வரை இருந்த ஊர்னு சொன்னா பலருக்குத் தெரியும். மேற்கே திரும்பினா மலை. மலையடியில ராமநதி அணை. தென்காசி பஸ் ஏறினா குற்றாலம். ஜூன் பிறந்தா சாரல். இந்தப் பக்கத்துல இருந்து கேமரா தூக்குற ஒருத்தர், கிட் லென்ஸுக்கு அடுத்ததா வாங்க வேண்டியது இன்னொரு லென்ஸ் இல்லை. ஒரு போலரைசரும், காத்துப் புகாத ஒரு டப்பாவும்தான். இதுதான் என் கட்சி.

முதல்ல அந்த யூவி ஃபில்டர் கதையை முடிச்சிடுவோம். ஃபிலிம் காலத்துல அதுக்கு வேலை இருந்தது. ஃபிலிம் புற ஊதாக் கதிரையும் பதிவு பண்ணும். தூரத்து மலை நீலமா மங்கித் தெரியும். டிஜிட்டல் கேமராவுல சென்சாருக்கு முன்னாடியே அதைத் தடுக்கிற கண்ணாடி இருக்கு. அப்புறம் எதுக்கு இன்னொண்ணு? "லென்ஸுக்குப் பாதுகாப்பு தம்பி" என்பார் கடைக்காரர். காம்போவுல சும்மா குடுக்கிற மலிவுக் கண்ணாடி, ராத்திரி தேர்த் திருவிழாவுல ஒவ்வொரு டியூப் லைட்டுக்கும் ஒரு பேய் நிழலைப் படத்துல சேர்த்து வைக்கும். பாதுகாப்புதான் வேணும்னா லென்ஸ் ஹுட் வாங்குங்க. இடியையும் தாங்கும், ஓரத்து வெயிலையும் மறைக்கும், சாரல் துளியும் சுலபத்துல விழாது.

இப்போ போலரைசர். பிளஸ் டூ இயற்பியல்ல மாலஸ் விதி, புரூஸ்டர் கோணம்னு படிச்சது ஞாபகம் இருக்கா? பரீட்சை முடிஞ்சதும் மறந்த அந்தப் பாடம்தான் இது. தண்ணியோட ஒளிவிலகல் எண் 1.33. அதுக்கு புரூஸ்டர் கோணம் சுமார் 53 டிகிரி. அதாவது தண்ணிப் பரப்புல இருந்து 37 டிகிரி சாய்வா நீங்க பார்க்கும்போது, எதிரொளிச்சு வர்ற வெளிச்சம் கிட்டத்தட்ட முழுசாவே ஒரே தளத்துல அதிரும். ஃபில்டரைத் திருகினா அந்த வெளிச்சம் அப்படியே வெட்டுப்படும். ஓடையில கூழாங்கல் தெரியும். நனைஞ்ச பாறையோட வெள்ளைப் பளபளப்பு போய் கறுப்பு வரும். மழை நின்ன பிறகு இலைகள் மேல மினுக்குற ஒளி போய் உள்ளே இருக்கிற பச்சை வரும். நனைஞ்ச இலை, நனைஞ்ச பாறை, ஓடுற தண்ணி - குற்றாலம்னா வேற என்ன இருக்கு?

முக்கியமான விஷயம், இதை அப்புறமா எந்த சாஃப்ட்வேர்லயும் செய்ய முடியாது. கலரை ஏத்தலாம், இருட்டை வெளிச்சமாக்கலாம். பளபளப்புக்கு அடியில பதிவே ஆகாத கூழாங்கல்லை எங்கே இருந்து கொண்டு வருவீங்க? ஏஐ வரையும். ஆனா அது அந்த ஓடையோட கூழாங்கல் இல்லையே.

எல்லா இடத்துலயும் மாட்டாதீங்க. ராமநதி அணையில காலையில மலை தலைகீழாத் தெரியும். போலரைசரைத் திருகினா அந்தப் பிம்பமே போயிடும். அருவித் திவலையில வானவில் வந்தாலும் இதே கதைதான். வானவில் ஒளியே தளவிளைவு அடைஞ்ச ஒளி. ஒரு பக்கம் திருகினா வானவில் காணாமப் போகும், இன்னொரு பக்கம் திருகினா பளிச்சுனு வரும். ஒரு தடவை திருகிப் பாருங்க, அரை மார்க் பாடம் கண்ணு முன்னாடி நடக்கும். 18 எம்எம்ல நீல வானத்தை எடுத்தா வானத்துல ஒரு திட்டு மட்டும் கருநீலமா வரும், அப்போ கழட்டிடுங்க.

வாங்கும்போது 'சர்குலர் போலரைசர்'னு கேட்டு வாங்குங்க. லீனியர் வகை டிஎஸ்எல்ஆரோட ஆட்டோஃபோகஸையும் மீட்டரையும் குழப்பும். அளவு லென்ஸ் முகப்புலயோ மூடிக்கு உள்பக்கமோ எழுதியிருக்கும். கேனான் 18-55க்கு 58 எம்எம், நிக்கான் ஏஎஃப்-பி 18-55க்கு 55, அதுக்கு முந்தின நிக்கானுக்கு 52. பின்னாடி பெரிய லென்ஸ் வாங்குற ஐடியா இருந்தா 67 எம்எம் ஃபில்டரா வாங்கி, சின்ன லென்ஸுக்கு ஸ்டெப்-அப் ரிங் மாட்டிக்கலாம். பழைய கிட் லென்ஸ்கள் சிலதுல ஃபோகஸ் பண்ணும்போது முகப்பு சுத்தும். அதனால ஃபோகஸ் முடிச்சிட்டுத் திருகணும்.

"அருவி பால் மாதிரி ஓடணும்னா என்டி ஃபில்டர் வேணுமே?" கணக்குப் போட்டுப் பார்ப்போம், நாம இன்ஜினியரிங் பசங்கதானே. சீசன் நேரத்துல குற்றாலத்துல வானம் பெரும்பாலும் மூடித்தான் கிடக்கும். அப்படி ஒரு நாள்ல ஐஎஸ்ஓ 100, எஃப்/11 வச்சா ஷட்டர் சுமார் 1/30 நொடி. போலரைசர் ஒன்றரை, ரெண்டு ஸ்டாப் வெளிச்சத்தைச் சாப்பிடும். 1/10க்குப் பக்கத்துல வந்தாச்சு. எஃப்/16க்குப் போனா 1/5. ஓடைத் தண்ணி நூல் நூலா இழுபட அது போதும். எஃப்/22 வரைக்கும் போகாதீங்க, டிஃப்ராக்‌ஷன்ல படமே மழுங்கிடும். உச்சி வெயில்ல எடுக்கிறவங்களுக்கு என்டி தேவைதான். நம்ம சீசனுக்கு மேகமே இலவச என்டி.

1/5 நொடிக்குக் கை ஆடாதான்னா, ஆடும். காம்போவுல வர்ற குட்டி ட்ரைபாட் அதைவிட நல்லா ஆடும்! வீட்டுல ஒரு துணிப்பை தைச்சு உள்ளே புளியங்கொட்டை நிரப்புங்க. பாறை மேல பையை வச்சு, பை மேல கேமராவை அமுக்கி, ரெண்டு நொடி டைமர் போடுங்க. செலவு பூஜ்யம்.

அடுத்து, லேண்ட்ஸ்கேப்னா வைடு ஆங்கிள்தான்னு ஒரு நம்பிக்கை. நம்ம பக்கத்துக்கு இது ஒத்துவராது. கீழக்கடையம் ஸ்டேஷன் பக்கம் நின்னு 18 எம்எம்ல மலையை எடுத்துப் பாருங்க. கண்ணுக்கு அவ்வளவு பெரிசா நிக்கிற மலை, படத்துல மண்மேடு மாதிரி கிடக்கும். அதையே 55ல எடுங்க, மலை எழுந்து நிக்கும். சுந்தரபாண்டியபுரத்துல சூரியகாந்தி பூக்கும்போது எல்லாரும் பூவுக்கு மூஞ்சி கிட்ட போய் வைடுல எடுக்கிறாங்க. பூ பெரிசா, மலை காணோம். ரோட்டுல பின்னாடி தள்ளி நின்னு லென்ஸை நீட்டினா பூ வரிசைக்குப் பின்னாடியே மலைச்சுவர் வரும். மாயம் லென்ஸ்ல இல்லை, நீங்க நிக்கிற தூரத்துல இருக்கு. வயக்காட்டுக்குள்ள இறங்கி விவசாயியோட செடியை மிதிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அதனால ரெண்டாவது லென்ஸ் வாங்குற நாள் வந்தா, என் ஓட்டு அந்த 55-250 மாதிரி டெலி ஜூமுக்குத்தான். (கடைக்காரர் பட்டியல்ல ஒண்ணு சரின்னு ஒத்துக்கிறேன்.) ஆனா செகண்ட் ஹேண்ட்ல, பொறுமையா. திருப்புடைமருதூர்ல ஊருக்குள்ள மரத்துலயே பறவைங்க கூடு கட்டும். அதுங்களைத் தொந்தரவு பண்ணாம எடுக்க இந்த லென்ஸ் உதவும். அதே லென்ஸை மெயின் அருவியில குளிக்கிற கூட்டத்தைப் பார்த்துத் தூக்கிட்டு நிக்காதீங்க. உங்க மனசு சுத்தமாவே இருக்கலாம், குளிச்சிட்டு இருக்கிற அக்காவுக்கு அது தெரியாது. அருவிக்கரைக்குப் போகும்போது டெலியை வீட்டுல வச்சிட்டுப் போங்க.

50 எம்எம் எஃப்/1.8 நல்ல லென்ஸ்தான். கல்யாண வீட்டுல, கோயில் மண்டபத்து இருட்டுல கை குடுக்கும். கேனான்ல 1.6 மடங்கு கிராப், அதனால அது 80 எம்எம் மாதிரி நடந்துக்கும். ஹாஸ்டல் ரூம்ல ஆளை ஃபிரேமுக்குள்ள அடக்க முதுகு சுவர்ல இடிக்கும். நிக்கான் 3000, 5000 வரிசை பாடிகள்ல ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவா கிடைக்குதேன்னு பழைய 50 எம்எம் 'டி' லென்ஸ் வாங்கினா கையாலதான் ஃபோகஸ் பண்ணணும்.

கடைசியா டப்பா. இதைத்தான் யாரும் காதுல வாங்க மாட்டேங்கிறாங்க. மூணு மாசம் சாரல், துணியே காயாத வீடு, பீரோவுக்குள்ள பஞ்சு வச்ச பையில கேமரா. லென்ஸுக்குள்ள பூஞ்சை வளர இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கண்ணாடியில நூலாம்படை மாதிரி ஆரம்பிச்சு கோட்டிங்கையே அரிச்சிடும். சுத்தம் பண்ணக் கேட்கிற காசுக்குப் பல நேரம் இன்னொரு கிட் லென்ஸே வாங்கிடலாம். அரிசி, பருப்பு போட்டு வைக்கிற பெரிய ஏர்டைட் டப்பா ஒண்ணு, உள்ளே சிலிக்கா ஜெல், முடிஞ்சா ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். 60 சதவீதத்துக்கு மேல ஏற விடாதீங்க, 45-50 நல்லது. நீல ஜெல் ரோஸ் கலரானா ஈரம் குடிச்சிடுச்சுன்னு அர்த்தம். சூடு பண்ணினா மறுபடி நீலமாகும். அம்மாவோட தோசைக்கல்லுல மட்டும் போட்டு வறுத்துடாதீங்க, அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, விஷம். பயமா இருந்தா ஆரஞ்சு ஜெல் வாங்குங்க.

செகண்ட் ஹேண்ட் லென்ஸ் பார்க்கப் போறவங்களும் இதை முதல்ல கவனிங்க. ரெண்டு மூடியையும் கழட்டி, அப்பர்ச்சர் முழுசாத் திறந்த நிலையில, பின்பக்கம் இருந்து ஃபோன் டார்ச்சை அடிச்சு முன்பக்கம் சாய்வாப் பாருங்க. நாலஞ்சு தூசி கிடந்தா பரவாயில்லை. நூல் மாதிரி கிளை விட்டிருந்தா, எவ்வளவு விலை குறைச்சாலும் "வரேன் அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டு வந்துடுங்க.