மலேசியத் தமிழ் ராப்: ‘வல்லவன்’ திறந்த வழியும் தீராத உரிமைக் கேள்வியும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று ஒரு தமிழ்ப் பாட்டை வெளியிட பெரிய கம்பெனி எதுவும் தேவையில்லை. ஒரு லேப்டாப், ஒரு மைக், சத்தம் வெளியே போகாத ஓர் அறை போதும். சில நாட்களிலேயே அந்தப் பாட்டு ஸ்போட்டிஃபையிலும் யூடியூப்பிலும் வந்துவிடும். பாட்டு ஹிட் ஆன பிறகு எழும் கேள்விதான் சிக்கலானது: இது யாருக்குச் சொந்தம்?

மலேசியத் தமிழ் சுதந்திர இசை வளர்ந்த கதையைப் பார்த்தால், இந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பது புரியும்.

‘இண்டி’ என்றால் என்ன?

இது ஒரு இசை வகையின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் அப்படி இல்லை. 1970-களின் இறுதியில் பிரிட்டனில் லண்டனின் ‘ரஃப் டிரேட்’, மான்செஸ்டரின் ‘ஃபேக்டரி’ போன்ற சிறு நிறுவனங்கள் பெரிய கம்பெனிகளைச் சாராமல் இசைத்தட்டுகளை வெளியிட்டன. அப்படி வெளிவந்த இசைதான் ‘இண்டி’. அதாவது, பாட்டு எப்படி இருக்கிறது என்பதைவிட, அதற்கு யார் காசு போட்டார்கள், யார் கையில் இருக்கிறது என்பதே அந்தச் சொல்லின் பொருள்.

இதற்கு நல்ல உதாரணம் ஷெஃபீல்ட் நகரத்தின் ‘ஆர்க்டிக் மங்கீஸ்’. இந்த ராக் குழு தன் நிகழ்ச்சிகளில் சிடிக்களை இலவசமாகவே கொடுத்தது. ரசிகர்கள் அவற்றை இணையத்தில் பகிர்ந்தார்கள். பிறகு ‘டொமினோ’ என்ற சுதந்திர நிறுவனத்துடன் சேர்ந்து, 2006 ஜனவரியில் முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். முதல் வாரத்திலேயே பிரிட்டனில் 360,000-க்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன.

அதே 2006-ல் இங்கே என்ன நடந்தது?

யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் சேர்ந்த ‘யோகி பி & நட்சத்திரா’ குழுவின் ‘வல்லவன்’ ஆல்பம் வெளிவந்தது. தமிழ் ராப்பின் திருப்புமுனை என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

அது திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை. பினாங்கில் உருவான ‘அலிகேட்ஸ்’ குழுவில் டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் முன்னணிப் பாடகர்கள். தமிழர்களான இந்தச் சகோதரர்கள் நாடு முழுக்கக் கொண்டாடப்பட்டது மலாய்ப் பாட்டுகளால்தான். பிறகு வந்தது யோகி பி இடம்பெற்ற ‘பொயட்டிக் அம்மோ’. 1998-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் ஆங்கிலம், மலாய், கண்டனீஸ் மொழிகளோடு தமிழும் இருந்தது. ‘வல்லவன்’ அடுத்த படியை எடுத்தது. தமிழ் பல மொழிகளில் ஒன்றாக இல்லாமல், ஆல்பத்தின் முதன்மை மொழியாகவே ஆனது.

இது ஏன் சென்னையில் நடக்கவில்லை?

சென்னையிலும் ராப் இருந்தது. 1994-ல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ பெரிய ஹிட். ஆனால் தமிழ்நாட்டில் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டுதான். கதைக்கு ஏற்ப, ஹீரோவுக்கு ஏற்ப, இயக்குநர் கேட்டபடி அது எழுதப்படும்.

மலேசிய இளைஞனுக்கு அந்த வாசல் ரொம்பத் தூரம். அதுவே ஒரு வகையில் வசதியாகவும் போச்சு. யாரிடமும் சிச்சுவேஷன் கேட்க வேண்டியதில்லை. தோட்டத்தை விட்டு வந்த குடும்பம், ஃப்ளாட் வாழ்க்கை, கும்பல் பிரச்சினை, வேலை என்று தன் கதையைத் தானே சொல்லலாம். ஒரே வாக்கியத்தில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுகிறவர்களுக்கு ராப் இயல்பாகவே பொருந்தியது. கோயம்புத்தூரிலிருந்து ‘ஹிப்ஹாப் தமிழா’ முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தது 2012-ல். அதற்கு ஆறு வருஷம் முன்பே இங்கே ‘வல்லவன்’ வந்துவிட்டது.

ஆனால் சந்தை சின்னது. மலேசிய மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏறக்குறைய 7 விழுக்காடுதான். பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் இசைக் கடைகள் இருந்த காலத்தில்கூட, உள்ளூர் ஆல்பம் சினிமா சிடிக்களோடு மோத வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, திருட்டு சிடிக்கள் வேறு. மின்னல் எஃப்எம், ராகா போன்ற வானொலிகள் உள்நாட்டுப் பாடல்களை ஒலிபரப்பினாலும், கேட்பவர்களின் முதல் தேர்வு பெரும்பாலும் சினிமாவாகவே இருந்தது.

சென்னை அழைத்தது எப்போது?

‘வல்லவன்’ ஆல்பத்தில் உலகத் தமிழர்களிடம் அதிகம் போய்ச் சேர்ந்தது ‘மடை திறந்து’. 1980-ல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் இளையராஜா இசையில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய பாட்டை வைத்து உருவானது அது. அடுத்த ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்தில், எம்.எஸ். விஸ்வநாதனின் ‘எங்கேயும் எப்போதும்’ பாட்டை இந்தக் குழு ரீமிக்ஸ் செய்தது.

அதன் பிறகு ‘கபாலி’யில் (2016) ரோஷன் ஜாம்ராக், ‘விவேகம்’ படத்தின் (2017) ‘சர்வைவா’வில் யோகி பி, ‘காலா’வின் (2018) ‘கற்றவை பற்றவை’யில் இருவருமே என்று மலேசியக் குரல்கள் கோலிவுட்டில் கேட்கத் தொடங்கின.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். சுதந்திர இசையாகத் தொடங்கியதை உலகத்துக்குக் கொண்டு சேர்த்தது ஒரு பழைய சினிமா மெட்டு. அந்தக் கலைஞர்களுக்குப் பெரிய மேடை கொடுத்ததும் சினிமாதான். இதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் மெட்டும் மேடையும் இன்னொருவருடையதாக இருக்கும்போது, நம் கையில் மிஞ்சுவது என்ன என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

இப்போது நிலைமை எப்படி மாறியிருக்கிறது?

2006-ல் ரீமிக்ஸ் வந்தால் கொண்டாட்டம். இன்று முதல் கேள்வியே “அனுமதி வாங்கியாச்சா?” என்பதுதான். தன் பாடல்களை மேடையில் பாடுவது குறித்து 2017-ல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கே இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. 2024-ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ தயாரிப்பாளர்களுக்கும் நோட்டீஸ் போனது.

புதுப் பாட்டாக இருந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. 2021-ல் உலகமே ஆடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ சினிமாப் பாட்டு இல்லை. ஆனாலும், அதிலிருந்து தனக்கோ, பாடிய தீ, அறிவு இருவருக்குமோ ஒரு காசும் வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார்.

அப்படியானால் இளம் கலைஞர்கள் எதைப் பார்க்க வேண்டும்?

ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று, வரிகளும் மெட்டும். மற்றொன்று, பதிவு செய்த ஒலி. இதைத்தான் ‘மாஸ்டர்’ என்கிறார்கள். இரண்டுக்கும் உரிமையாளர் ஒருவராகவே இருக்கணும் என்று இல்லை.

இணையத்தில் ‘லீஸ்’ முறையில் வாங்கும் பீட் பொதுவாக உங்களுடையது ஆகிவிடாது. பயன்படுத்தும் அனுமதிக்குத்தான் பணம் கட்டுகிறீர்கள். அதே பீட்டை வேறொருவரும் வாங்கலாம். நாலு நண்பர்கள் சேர்ந்து எழுதினால், யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதை வெளியிடும் முன்பே எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. “நம்ம பையன்தானே” என்று விட்டால், பணம் வரும்போதுதான் பிரச்சினை தெரியும்.

மலேசியாவில் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டை எழுதியோ பதிவு செய்தோ வைத்தவுடனே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனாலும் ‘மைஐபிஓ’ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் விரும்பினால் பதிந்து வைக்கலாம். பின்னாளில் தகராறு வந்தால் அது சான்றாக உதவும். பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கான ராயல்டியை வசூலிப்பது ‘எம்ஏசிபி’ அமைப்பு. அதில் உறுப்பினராக இல்லாதவரின் பாட்டு வானொலியில் எத்தனை முறை ஒலித்தாலும், அந்த வழியாக அவருக்குப் பணம் வந்து சேராது.

‘வல்லவன்’ தலைமுறை நிரூபித்தது ஒரு விஷயம்: சினிமா இல்லாமலும் தமிழில் பாடி உலகத்தை எட்டலாம். அப்படி எட்டிய பாட்டைத் தன் பெயரில் வைத்துக்கொள்வது அடுத்த தலைமுறையின் வேலை. அந்த வேலைக்குத் திறமை மட்டும் போதாது. கையெழுத்துப் போடும் முன் காகிதத்தை முழுசாகப் படிக்கும் பொறுமையும் வேண்டும்.