மட்டக்குதிரையும் மட்டம் தட்டும் அளவுகோலும்

குதிரையே இல்லாத கல்முனைக்குடியில் இருந்துகொண்டு குதிரையின் உயரத்தைப் பற்றி எழுத வேண்டிய தேவை என்ன என்று கேட்போர் கேட்கட்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுத் துறைகளுக்குக் கப்பல் கப்பலாகக் குதிரை இறக்கியவர்கள் பாரசீகக் குடாவின் முஸ்லிம் வணிகர்களே. கைஸ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1400 குதிரைகள், தலைக்கு 220 பொன் தீனார், கடலில் இறந்துபோன குதிரைக்கும் அதே விலை என்று ஒப்பந்தம் இருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதி வைத்துள்ளார். தமிழகத்தில் இராவுத்தர் என்ற பெயரே குதிரை வீரர் என்ற பொருளில் நிலைத்துவிட்டது. ஆகவே குதிரை நமக்கு அந்நியமான பிராணியன்று. அதைவிட முக்கியமாக, அளவுகோல் நமக்கு அந்நியமானதன்று. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

தமிழில் சிறிய இனக் குதிரையை மட்டக்குதிரை என்கிறோம். மட்டம் என்றால் தாழ்வு. மட்டம் என்றால் சமநிலை. கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கும் கருவியும் இரசமட்டம்தான். ஒருவரைச் சிறுமைப்படுத்துவதையும் மட்டம் தட்டுதல் என்றே சொல்கிறோம். மேலைநாட்டுக் குதிரைக் கண்காட்சிகளில் இந்தப் பொருள்கள் யாவும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. இரசமட்டம் பொருத்திய கோலொன்றை மட்டக்குதிரையின் முதுகில் வைத்து அளக்கிறார்கள். அந்தக் கோலுக்காகப் பிராணி தாழ்த்தப்படுகிறது.

விதி என்ன என்று முதலில் பார்ப்போம். குதிரையின் உயரத்தைத் தலையோடு சேர்த்து அளப்பதில்லை. தோள்பட்டைகளுக்கு நடுவே, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் மேடாக நிற்கும் எலும்புதான் அளவிடம். ஆங்கிலேயர் இதனைக் 'கை' என்ற அலகால் அளந்தனர். ஒரு கை என்பது 4 அங்குலம். 14.2 என்று எழுதினால் பதினான்கு கையும் இரண்டு அங்குலமும், அதாவது 58 அங்குலம் என்று பொருள். அந்தப் புள்ளி தசமப் புள்ளியன்று. சர்வதேச குதிரையேற்றச் சம்மேளனத்தின் விதிப்படி லாடமின்றி 148 சென்ரிமீற்றர், லாடத்துடன் 149 சென்ரிமீற்றர் என்பது மட்டக்குதிரையின் எல்லை. அதனைத் தாண்டினால் அது குதிரை. மட்டக்குதிரைப் போட்டியில் அதற்கு இடமில்லை.

இதற்கும் கீழே இன்னொரு உலகம் இருக்கிறது. அதுதான் குறுங்குதிரை உலகம். 1978 இல் தொடங்கப்பட்ட அமெரிக்கக் குறுங்குதிரைச் சங்கம் விதித்த எல்லை 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 86 சென்ரிமீற்றர். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையை விடச் சற்றே உயரம். அமெரிக்காவின் மற்றொரு பதிவேடு 34 அங்குலம் வரை ஒரு பிரிவு, 38 அங்குலம் வரை மற்றொரு பிரிவு என்று வகுத்துள்ளது. இவ்விரு அமைப்புகளும் தோள்மேட்டின் எலும்பில் அளப்பதில்லை. பிடரிமயிரின் கடைசி முடி எங்கே முடிகிறதோ அங்கே அளக்கின்றன.

வாசகர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். எலும்பை எவராலும் நகர்த்த முடியாது. மயிரை நகர்த்தலாம். மழிக்கலாம், பிடுங்கலாம், வளர விடலாம். கடைசி முடி நிற்கும் இடம் பொதுவாகத் தோள்மேட்டை விடத் தாழ்வாகவே அமைகிறது என்பதால், அளவிடத்தை மயிருக்கு மாற்றிய கணத்திலேயே குதிரை காகிதத்தில் குள்ளமாகிவிட்டது. பிராணி வளரவுமில்லை, சுருங்கவுமில்லை. சுருங்கியது விதியின் நேர்மை.

நெல் அளந்து வாழ்ந்த ஊர்களுக்கு இந்த வித்தை புதிதன்று. மரைக்காலைத் தலைதட்டி அளப்பதா, கும்பமாகக் குவித்து அளப்பதா என்பதில்தான் வயற்சொந்தக்காரனுக்கும் குத்தகைக்காரனுக்கும் இடையிலான வழக்கெல்லாம் இருந்தது. மரைக்கால் ஒன்றுதான். அளக்கும் கை எவருடையது என்பதே கேள்வி.

அளவிடத்தில் செய்வது போதாதென்று பிராணியின் உடலிலும் செய்கிறார்கள். குளம்பை அளவுக்கு மிஞ்சிச் செதுக்கினால் சில மில்லிமீற்றர் குறையும். குதிரை வலியில் நடக்கும். கால்களை அகட்டி நிற்கப் பழக்கினால் முதுகு தாழும். தோள்மேட்டைக் கோலால் குத்திக் குத்தி, கோலைக் கண்டாலே பதுங்கும்படி பயிற்றுவது பழைய தந்திரம். அளவு நாளுக்கு முன் ஓட்டிக் களைப்படையச் செய்வதும், மயக்கமூட்டும் மருந்து கொடுப்பதும், தண்ணீரையும் தீனியையும் குறைப்பதும் உண்டு. இந்தக் கடைசித் தந்திரம் உயிருக்கே உலை வைக்கக் கூடியது. சிற்றினக் குதிரைகள் பட்டினி கிடந்தால் உடற்கொழுப்பு இரத்தத்தில் பெருகி ஈரல் செயலிழந்து இறந்துவிடலாம் என்பது கால்நடை வைத்தியர்கள் நன்கறிந்த உண்மை. ஒரு வெள்ளிக் கிண்ணத்துக்காக இத்தனையும்.

அங்குலம் பரிசாகிவிட்டால் இனப்பெருக்கமும் அங்குலத்தை நோக்கியே செல்லும். குருத்தெலும்பை உருவாக்குவதில் பங்குகொள்ளும் ஏகான் என்னும் மரபணுவின் பிறழ்வுகள் குறுங்குதிரைகளில் கண்டறியப்பட்டுள்ளன. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிறழ்ந்த பிரதிகள் சேர்ந்தால், கோணிய கால்களும் திரிந்த தாடையும் கொண்ட குட்டி பிறக்கும். அல்லது பிறக்காமலே போகும். தலை சிறுத்த அளவுக்குப் பற்கள் சிறுப்பதில்லை. எனவே வாய்க்குள் நெரிசல். சிறிய தாயின் இடுப்பெலும்பில் குட்டி சிக்கிக்கொள்வதும் சாதாரணம். மரபணுச் சோதனை இன்று முடி மாதிரியிலேயே செய்யக் கூடியது. குதிரையின் உயரத்தை முடியில் அளப்போர் அதே முடியைச் சோதனைக்கு அனுப்பக் கூடாதா?

"அப்படியானால் அளக்கவே வேண்டாம் என்கிறீரா?" என்று எவரேனும் கேட்கலாம். நியாயமான கேள்வி. அளவே இல்லாத இடத்தில் வல்லவன் வைத்ததுதான் அளவு. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் மாட்டுவண்டிப் பந்தயம் நடத்துவோர் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரித்தே ஓட விடுகின்றனர். சிறியது பெரியதோடு மோதி நுரை தள்ளக் கூடாது என்ற நியாயம் அதற்குள் இருக்கிறது. அந்த நியாயத்தை நான் மதிக்கிறேன். அளவு பிராணியைக் காப்பதற்காக இருக்கும்வரை அது நீதி. உரிமையாளனின் பெருமைக்காக மாறிய பின் அது வதை.

எல்லையை எடுத்துவிட்டால் உலகம் அழிந்துவிடும் என்பதும் பொய். பிரித்தானிய இந்தியாவிலும் இங்கிலாந்திலும் போலோ ஆட்டத்துக்குக் குதிரைகளின் உயரம் கடுமையாக வரையறுக்கப்பட்டிருந்தது. அளவுச் சண்டைகள் ஓயாதிருந்தன. முதலாம் உலக யுத்தத்தை அடுத்து அந்த வரம்பு நீக்கப்பட்டது. போலோ இன்றும் ஆடப்படுகிறது. அதில் ஓடும் உயர்ந்த குதிரைகளையும் பழக்கத்தால் மட்டக்குதிரை என்றே அழைக்கிறார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். நெடுந்தீவில் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் காட்டுக் குதிரைகளாகத் திரிகின்றன. 2015 இல் அத்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வறட்சி வந்தால் அவை தண்ணீரின்றி மடிகின்றன. அவற்றின் உயரம் எத்தனை அங்குலம் என்பதில் எவருக்கும் பயனில்லை. கேணியில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதை அளந்தால் பயனுண்டு.

நுவரெலியாவுக்கு ஏப்ரல் மாதத்தில் நம் ஊரிலிருந்து வான் பிடித்துப் போகாத குடும்பம் குறைவு. அங்கே கிரகரி வாவிக்கரையில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் குதிரையில் ஏற்றிப் படம் பிடிக்கிறோம். ஏறுவோரின் எடையைப் பார்க்க ஒரு தராசு வைத்திருந்ததை நான் கண்டதில்லை. குதிரை தன் எடையில் ஐந்திலொரு பங்கு வரை சுமந்தால் பெருந்தீங்கில்லை என்பதும், கால் பங்கை எட்டும்போது தசை நோவின் அறிகுறிகள் தோன்றுகின்றன என்பதும் 2008 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வின் முடிவு. சேணமும் இதில் அடக்கம். குதிரையின் எடையை அறியப் பெரிய இயந்திரம் வேண்டாம்; தையற்காரனின் நாடா போதும். மார்புச் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் எடுத்து அதையே அதனால் பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 11,900 ஆல் வகுத்தால் கிலோகிராம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். 200 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்குச் சேணத்தோடு 40 கிலோதான் சுமை. எண்பது கிலோ மாமா அதில் ஏறி அமர்ந்து சிரிக்கும் படத்தைப் பார்க்கும்போது இந்தக் கணக்கையும் நினைத்துப் பாருங்கள். பயனற்ற இடத்தில் மில்லிமீற்றர் வரை அளக்கும் உலகம், உயிர் காக்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறது. மிருகவதையைத் தடுக்க 1907 இல் இந்நாட்டில் இயற்றப்பட்ட சட்டம் விதித்த அபராதத்தின் உச்சம் 100 ரூபா என்பதும் அந்தக் கண்மூடலின் வரலாறுதான்.

நாமும் தப்ப முடியாது. உழ்ஹிய்யா காலம் வந்துவிட்டால் எவர் வீட்டு மாடு உயரம், எவர் வீட்டு மாடு பருமன் என்று கைத்தொலைபேசியில் படம் ஓடுகிறது. மார்க்கம் கேட்டது வயதை: மாட்டுக்கு இரண்டு ஆண்டு, ஆட்டுக்கு ஓராண்டு. குருடு, நொண்டி, நோய், மெலிவு இல்லாதிருக்க வேண்டும் என்றும் கேட்டது. உயரத்தை எங்கும் கேட்கவில்லை. பல்லைப் பார்த்து வயதறியத் தெரிந்த முதியோர் இருந்த ஊரில், இன்று படத்தைப் பார்த்து விலை பேசுகிறார்கள். வாயற்ற ஜீவன்கள் விடயத்தில் இறைவனை அஞ்சும்படி நபிகளார் (ஸல்) எச்சரித்ததை மிம்பரில் கேட்டுவிட்டு வந்து செய்யும் வேலையா இது? குர்ஆனின் 83 ஆவது அத்தியாயம் அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அந்த எச்சரிக்கை கடைத்தராசோடு முடிந்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை.

அளவுகோலின் அரசியல் பிராணிகளோடும் முடிவதில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் எங்கள் கரையைத் தின்றது. அதன்பின் கரையோரத்தில் வீடு கட்டத் தடை வந்தபோது தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் என்றார்கள். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்றார்கள். கடல் ஒன்று, கோல் இரண்டு. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. ஆனால் கோல் எங்கே ஊன்றப்படுகிறது என்பதில் மனிதரின் குடியிருப்பே தங்கியிருக்கிறது என்பதை அன்று கண்டோம். மனிதருக்கு வாயிருந்தது, மனுக் கொடுத்தோம், மறியல் செய்தோம், எழுதினோம். குதிரைக்கு அதுவும் இல்லை.

ஆகவே என் கோரிக்கை எளியது. மயிரில் அளப்பதை விட்டு எலும்பில் அளவுங்கள். வளர்ச்சி முடிந்த பின், உரிமையாளரோடு தொடர்பற்ற கால்நடை வைத்தியர் ஒருவரைக் கொண்டு, பலர் காண, சமதரையில் ஒருமுறை அளந்து முடியுங்கள். பதுங்கிய குதிரையையும் மயங்கிய குதிரையையும் அளக்க மறுத்துத் திருப்பி அனுப்புங்கள். குள்ளத்துக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்தி, நேரான காலுக்கும் நல்ல பல்லுக்கும் கொடுங்கள். நுவரெலியாவிலோ வேறெங்கோ பிராணியில் ஆளேற்றிப் பிழைப்போர் ஒரு தராசு வாங்கி வைக்கட்டும். வாடகைக்கு ஏறுவோர் தாமே முன்வந்து அதில் ஏறட்டும். தராசு இல்லையென்றால் பணத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தே வாவியைச் சுற்றுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் அதுவே நல்ல பாடம்.