பூட்டிய பெட்டி

காரைக்குடிப் பக்கம் போயிருக்கிறீர்களா, சகோதரிகளே? அங்கே அந்த நாளில் பல பெரிய வீடுகளில் கனமான இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். சாவிக் கொத்து ஆச்சியின் இடுப்பில். பெட்டி நிறையப் பணம் இருந்தாலும், ஆச்சி திறந்தால்தான் கறிகாய்க்குக் காசு!

அப்படிப்பட்ட ஓர் ஆச்சிக்கு மூட்டுகள் வீங்கி, வருஷக் கணக்காக வாத நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் வெளிறிவிட்டது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மருமகள் முருங்கைக் கீரையும் ஆட்டு ஈரலும் பேரீச்சம்பழமுமாகக் கொடுத்துப் பார்க்கிறாள். இரும்புச் சத்து மாத்திரையும் ஆயிற்று. ரத்தம் ஊறவில்லை. "மருமகள் கவனிப்பு போதாது" என்று ஊர் பேசுகிறது. பாவம், அவள் மீது தப்பில்லை.

நம் ரத்தத்தின் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள்தான் வாழ்கின்றன. பழைய அணுக்களிலிருந்து இரும்பை எடுத்துத்தான் உடம்பு புதியவற்றைச் செய்கிறது. தினமும் இப்படிப் புழங்கும் இரும்பு 20 மில்லிகிராமுக்கு மேல். சாப்பாட்டிலிருந்து ஏறுவதோ 1 அல்லது 2 மில்லிகிராம்தான்.

இந்தப் பெட்டிக்குச் சாவி கல்லீரலிடம் இருக்கிறது. 'ஹெப்சிடின்' என்று அதற்குப் பெயர்; விஞ்ஞானிகள் அதைக் கண்டுபிடித்தது 2000-ஆம் ஆண்டை ஒட்டித்தான். வாத நோய், காசநோய், ஆறாத புண், சிறுநீரகக் கோளாறு என்று உடம்பில் நெடுநாள் அழற்சி இருந்தால் ஹெப்சிடின் அதிகமாகச் சுரக்கும். கிருமிகளுக்கு இரும்பு கிடைக்கக் கூடாதே என்று சேமிப்பையும் பூட்டி, குடல் வாசலையும் சாத்திவிடும். நல்ல எண்ணம்தான்; ஆனால் புது ரத்த அணுக்களும் பட்டினி கிடக்கின்றனவே! உள்ளே இரும்பு இருக்க, வெளியே ரத்த சோகை.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்த சோகை. எல்லாருக்கும் காரணம் ஒன்றல்ல. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால், சேமிப்பைக் காட்டும் 'ஃபெரிட்டின்' பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அழற்சி இருந்தால் அந்தக் கணக்கு தானே உயர்ந்து ஏமாற்றும். ஆகையால் பழைய வீக்கம், விட்டு விட்டு வரும் காய்ச்சல், நாள்பட்ட இருமல் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சிலருக்கு இரும்புக் குறைவும் அழற்சியும் சேர்ந்தே இருக்கும். எனவே மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம்.

மூல வியாதி தணிந்தால் பூட்டும் தளரும். ஆச்சியின் முகத்தில் களை திரும்பும். மருமகளுக்கும் நல்ல பெயர் கிடைக்கும்!