அவுட்புட் வரவில்லையா? அப்படியென்றால் படிப்பு இப்போதுதான் ஆரம்பம்!



மலரில் கவிதை எழுதத்தான் முதலில் நினைத்தேன். எனக்குக் கவிதை வராது என்று என் அறைத்தோழன் சொல்லிவிட்டான். ஆகவே, எனக்கு வந்த ஒன்றைப் பற்றி, இல்லை, பதினோரு நாட்களாக வராமல் என்னைப் படாதபாடு படுத்திய ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

நம்மில் பலரைப் போல நானும் மாலையில் ஒரு சர்வீஸ் கடைக்கு வேலைக்குப் போகிறேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மா ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு வேலை. கடைச் சம்பளம்தான் எனக்குப் பஸ்ஸுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும். ஒரு நாள் கடை அண்ணன், பழுதாகி வந்த எக்ஸ்பாக்ஸ் 360 ஒன்றை என் முன் வைத்தார். 2005இல் வெளிவந்து, 2016இல் தயாரிப்பு நிறுத்தப்பட்ட விளையாட்டு இயந்திரம் அது. "போர்டுல கை வைக்கறதுக்கு முன்னாடி, உள்ள இருக்கற மெமரிய அப்படியே காப்பி எடுத்து வெச்சுரு. அது போச்சுன்னா பொட்டியே போச்சு" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அந்தப் பெட்டிக்குள் 16 எம்.பி. கொள்ளளவுள்ள ஃபிளாஷ் மெமரி இருக்கிறது. அதில் அந்த ஒரு பெட்டிக்கே உரிய சாவித் தகவல்கள் பதிந்திருக்கும். டிஸ்க் டிரைவ்கூட அந்தச் சாவியோடு ஜோடி சேர்க்கப்பட்டது. வேறு பெட்டியின் டிரைவைப் பிடுங்கி மாட்டினால் ஏற்காது. (திருட்டு கேம் போடத்தானே இதெல்லாம் என்று சிலர் கண்ணடிக்கிறார்கள். இல்லை ஐயா, ரிப்பேருக்கு!)

இந்த மெமரியைப் படிக்க, கம்ப்யூட்டரின் பழைய பிரிண்டர் போர்ட்டிலிருந்து ஒரு கேபிள் நாமே செய்து கொள்ளலாம். 25 பின் கனெக்டர் ஒன்று, 100 ஓம் ரெசிஸ்டர் ஐந்து, 1என்4148 டையோடு ஒன்று, கொஞ்சம் ஒயர். அவ்வளவுதான். ஆனால் என் லேப்டாப்பில் பிரிண்டர் போர்ட் ஏது? யு.எஸ்.பி.யிலிருந்து பிரிண்டர் போர்ட்டுக்கு மாற்றும் அடாப்டர் ஒன்றை நானூறு ரூபாய் கொடுத்து வாங்கினேன். தண்டம்! அது பிரிண்டருக்கு எழுத்து அனுப்புவதற்கு மட்டும். இந்த வேலைக்கோ, மென்பொருள் ஒவ்வொரு பின்னையும் நேரடியாக ஏற்றி இறக்க வேண்டும். கடைசியில் கடையின் பில் போடும் எக்ஸ்.பி. கம்ப்யூட்டரில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டினேன்.

பெட்டியை ஆன் செய்யக்கூடாது. கரண்ட் மட்டும் கொடுத்து ஸ்டாண்ட்பையில் வைக்க வேண்டும். வைத்தேன். கட்டளை கொடுத்தேன். "ஃபிளாஷ் கன்ட்ரோலர் கிடைக்கவில்லை" என்று பதில். எண் வரவேண்டிய இடத்தில் வரிசையாக எட்டு எஃப்.

நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? ரெசிஸ்டரை எல்லாம் மாற்றினேன். ஏன் மாற்றினேன்? தெரியாது! லேபில் அவுட்புட் வராவிட்டால் நாம் என்ன செய்வோம்? ஐ.சி.யை மாற்று, கிட்டை மாற்று, பக்கத்து பெஞ்சுக்குப் போ. அந்தப் பழக்கம்தான்.

பிறகு மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு ஒயராகக் கன்டினியூட்டி பார்த்தேன். எல்லாம் 'பீப்' என்றது. கிரவுண்டும் பீப். ஆனாலும் வேலை செய்யவில்லை. மூன்று நாள் இப்படியே போனது. நான்காம் நாள் ராத்திரி, கனெக்டரை டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது, பின்களின் பக்கத்தில் பொடி எழுத்தில் எண்கள் அச்சாகியிருப்பது கண்ணில் பட்டது. தலையில் இடி! நான் படத்தில் பார்த்தது கனெக்டரின் முன்பக்கம். சால்டர் வைத்ததோ பின்பக்கம். கண்ணாடியில் பார்ப்பது போல எல்லாம் இடவலம் மாறிவிட்டது. 1 என்று நினைத்தது 13. 16 என்று நினைத்தது 23, அது வெறும் கிரவுண்டு. மீட்டர் ஏன் பீப் அடித்தது? நான் வைத்த தப்பான எண்ணையே நம்பி அளந்தால் அது பீப் அடிக்காமல் என்ன செய்யும்! வேடிக்கை பாருங்கள், 18 என்று நினைத்தது 21 ஆனது. 18 முதல் 25 வரை எல்லாமே கிரவுண்டுதான். ஆகவே அந்த ஒன்று மட்டும் தப்பாக இருந்தும் சரியாக இருந்தது. "கிரவுண்டு சரி, அதனால் மற்றதும் சரி" என்று நான் ஏமாந்தது அதனால்தான்.

இதில் ஒரு பயங்கரமும் இருக்கிறது. அந்தப் பெட்டியின் சிக்னல் 3.3 வோல்ட். பிரிண்டர் போர்ட் 5 வோல்ட். பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் ஒரே கம்பியில் டையோடு போடுவது, 5 வோல்ட் அந்தப் பக்கம் போய்விடாமல் தடுக்கத்தான். கோடு போட்ட முனை பெட்டிப் பக்கம் இருக்க வேண்டும். அந்தக் கம்பி 11ஆம் பின்னுக்குப் போக வேண்டியது. நான் மாட்டியிருந்தது 3இல்! 3 என்பது கம்ப்யூட்டர் வெளியே தள்ளும் டேட்டா பின். அந்தப் பின் உயர்ந்திருந்தால் டையோடு தடுத்திருக்காது, 5 வோல்ட்டுக்கு வழிவிட்டிருக்கும். பெட்டி தப்பியது என் சாமர்த்தியம் அல்ல. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. போயிருந்தால் யார் கட்டுவது? என் சம்பளத்தில் எத்தனை மாதம்?

இந்தப் பயத்தைப் பற்றித்தான் பேச வேண்டும் தோழர்களே. நம் வகுப்பில் பாதிப் பேர் என்னைப் போல முதல் தலைமுறை. லேபில் நாம் சி.ஆர்.ஓ. குமிழைத் திருகவே யோசிக்கிறோம். கெட்டுப் போச்சுன்னா? திட்டினா? அதனால் கிட்டில் தைரியமாகக் கை வைப்பவன் ஒருவன், ரெக்கார்டு எழுதுபவர்கள் நாலு பேர். போன செமஸ்டரில் ஜீனர் டையோடு ரீடிங்கை நானும் பக்கத்து பெஞ்சைப் பார்த்துத்தான் எழுதினேன். ஒப்புக்கொள்கிறேன். கிராஃப் அழகாக வந்தது, மதிப்பெண்ணும் வந்தது. என் சர்க்யூட்டில் என்ன தப்பு என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மீதிக் கதைக்கு வருகிறேன். பின்களைச் சரி செய்ததும் கன்ட்ரோலர் கிடைத்துவிட்டது. 1024 பிளாக்குகள் வரிசையாக ஓடின. ஒரு தடவை படிக்க அரை மணிக்கு மேல் ஆகும். இரண்டு தடவை படித்து இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்பது விதி. ஒப்பிட்டால் நூற்றுக்கணக்கில் வித்தியாசம்! நடுநடுவே "பிளாக் படிப்பதில் பிழை" என்றும் வந்தது. மெமரி சிப்பே செத்துவிட்டது என்று முடிவு கட்டி, சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா கேட்டாள். அவளுக்கு என்ன புரியப் போகிறது என்று அலட்சியமாகத்தான் சொன்னேன் (அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்). கேட்டுவிட்டு, "ஏங் கண்ணு, தப்பு ஒரே எடத்துலயா வருது, எடம் மாறி மாறி வருதா?" என்றாள்.

"எதுக்கும்மா?"

"மில்லுல நூல் அறுந்தா அதத்தான பாப்போம். ஒரே கதிர்ல மறுபடி மறுபடி அறுந்தா அந்தக் கதிர்ல கோளாறு, ஃபிட்டரைக் கூப்புடணும். இன்னிக்கு இங்க, நாளைக்கு அங்கன்னு அறுந்தா கதிரு நல்லாத்தான் இருக்கும். பஞ்சுல கோளாறு, இல்லீன்னா காத்துல ஈரம் பத்தல."

நான் எழுந்து ஓடினேன். மூன்றாவது தடவை படித்து, பிழை வந்த பிளாக் எண்களைத் தாளில் குறித்தேன். ஒரே ஒரு எண் மூன்று தடவையும் வந்தது. மற்றவை எல்லாம் இடம் மாறி மாறி வந்தன. அப்படியென்றால் அந்த ஒன்றுதான் சிப்பின் கோளாறு. இந்த வகை மெமரியில் சில பிளாக்குகள் பழுதாக இருப்பது சகஜம். அதை ஒதுக்கிவிட்டு வேலை நடத்தும் ஏற்பாடும் அதிலேயே உண்டு. மற்றதெல்லாம் என் கேபிள்! ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஒயர்களைப் பின்னிச் சடை போட்டு வைத்திருந்தேன், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று. கிளாக் கம்பியின் துடிப்பு பக்கத்து டேட்டா கம்பியில் ஏறாமல் என்ன செய்யும்? ஒரு சாண் நீளத்துக்கு வெட்டினேன். சடையைப் பிரித்தேன். கிரவுண்டுக்குத் தடித்த கம்பி போட்டேன். மறுபடி இரண்டு தடவை படித்து ஒப்பிட்டேன். 1,73,01,504 பைட். ஒரு பைட்கூட வித்தியாசம் இல்லை! 16 எம்.பி.க்கு மேல் எப்படி என்று கேட்பவர்களுக்கு: ஒவ்வொரு 512 பைட்டுக்கும் 16 பைட் பிழை சரிபார்க்கும் உபரி உண்டு, அதையும் சேர்த்து.

இப்போது என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் பிராக்டிகல் தேர்வில் அவுட்புட்டுக்கு மதிப்பெண் உண்டு. ஏன் வரவில்லை என்று கண்டுபிடித்ததற்கு மதிப்பெண் எங்கே? மூன்று மணி நேரத்தில் இத்தனை மாணவர்களை வைத்துக்கொண்டு அதெல்லாம் முடியாது என்பார்கள். நியாயம்தான், தேர்வில் வேண்டாம். வருடம் முழுக்கச் செய்யும் சோதனைகளில் ஒன்றே ஒன்றையாவது வேண்டுமென்றே பழுதாக்கிக் கொடுங்கள். ஒரு ஒயர் அறுந்த கிட், ஒரு டையோடு திருப்பி வைத்த போர்டு. ரெக்கார்டில் "எதைப் பார்த்தேன், எதைச் சந்தேகப்பட்டேன், ஏன் விலக்கினேன்" என்று மூன்று பக்கம் எழுதச் சொல்லுங்கள். அதைப் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுத முடியாது. எவனாவது முயன்றாலும் மாட்டிக்கொள்வான்.

நம் துறையின் பின் அலமாரியில் ஓடாத சி.ஆர்.ஓ. மூன்று தூங்குகின்றன. சனிக்கிழமை மதியம் ஒன்றை மட்டும் எங்களிடம் கொடுங்கள், ஏற்கெனவே கெட்டதுதானே என்று துறைத்தலைவரிடம் கேட்டேன். "எழுதிக் கொடு, பார்க்கலாம்" என்றார். எழுதிவிட்டேன். கையெழுத்துப் போட இன்னும் நாலு பேர் வேண்டும். கடைசி பெஞ்சில் என்னைப் பார்க்கவும்.

– இரண்டாமாண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை