விண்டோஸ் 10 முடிஞ்சாச்சு... வீட்டு கம்ப்யூட்டரை ரிப்பேர் பண்றதா, புதுசு வாங்குறதா? முழு விளக்கம்

சேலம் கோரிமேட்டைத் தாண்டினால் ஏற்காடு அடிவாரம். அங்கிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால், சிபியுவை கோணிப்பையில் சுற்றி பைக்கிலோ பஸ்ஸிலோ ஏற்றி இந்த வளைவுகளில் கீழே இறக்க வேண்டும். ஒரு நாள் வேலை போச்சு. அப்படிக் கொண்டுவந்த பிறகு, "இது பழசு, விண்டோஸ் 10-ம் நின்னுபோச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று கடையில் ஒரே வரியில் சொல்லிவிட்டால் என்ன செய்வது? அந்தப் பதில் சரியா, தப்பா என்று தெரியாமலேயே கடனுக்கோ இஎம்ஐக்கோ கையெழுத்துப் போடுபவர்கள்தான் அதிகம்.

உண்மையில், "கம்ப்யூட்டர் பழசா?" என்பது முதல் கேள்வியே இல்லை. எந்தப் பாகம் கெட்டிருக்கிறது, வீட்டில் அது எதுக்குப் பயன்படுது என்பதுதான் கேள்வி.

விண்டோஸ் 10-க்கு என்னதான் ஆச்சு?

2015-ல் வந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது. அதற்காக கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் போகாது. வழக்கம்போல ஓடும். ஆனால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் வராது. நெட் பேங்கிங், ஆதார் இணைப்பு, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் என்று எல்லாம் அதே கம்ப்யூட்டரில் நடக்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால், கடைகளில் அதிகம் சொல்லப்படாத ஒன்று இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு ஓராண்டு கூடுதல் அவகாசம் உண்டு. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். இதற்கு கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால் பதிவு செய்யும் வசதி தெரியும். கம்ப்யூட்டரின் செட்டிங்ஸை அந்தக் கணக்கில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் காசு எதுவும் கட்ட வேண்டாம். அது பிடிக்காதவர்களுக்கு 30 டாலர் கட்டும் வழியும் இருக்கிறது.

ஆக, விண்டோஸ் 10 முடிந்தது என்ற ஒரே காரணத்துக்காக இந்த மாதமே புதுசு வாங்கத் தேவையில்லை.

விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா?

இதைத் தெரிந்துகொள்ள மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியை ஓடவிட்டால் போதும். 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, அனுமதிக்கப்பட்ட பிராசஸர் ஆகியவை வேண்டும். பெரும்பாலும் உதைப்பது பிராசஸரில்தான். இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர் என்றால் தேறுவது கஷ்டம். டிபிஎம் மட்டும் இல்லை என்று வந்தால் பதற வேண்டாம். பல மதர்போர்டுகளில் அது பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், ஆன் செய்தால் போதும்.

சில கடைகளில் தகுதி இல்லாத கம்ப்யூட்டரிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறார்கள். ஓடும். ஆனால், அதற்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரவில்லை.

ஸ்லோவா இருக்கா, செத்துப்போச்சா?

இந்த இரண்டும் வேறு வேறு நோய். ஆன் ஆகிறது, ஆனால் டெஸ்க்டாப் வர அஞ்சு நிமிஷம், குரோம் திறக்க இன்னொரு நிமிஷம் என்றால், பெரும்பாலும் குற்றவாளி பழைய ஹார்ட் டிஸ்க். டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'டிஸ்க்' என்ற இடத்தைப் பாருங்கள். எதுவும் செய்யாமல் இருக்கும்போதும் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா? ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு சாட்டா எஸ்எஸ்டி போட்டால் அதே பழைய கம்ப்யூட்டர் ஆள் மாறிவிடும். பத்து வருஷ மெஷினிலும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் தரும் ரிப்பேர் இது ஒன்றுதான். 4 ஜிபி ரேமை 8 ஆக்குவது அடுத்தது. கழற்றிய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், யுஎஸ்பி கேஸில் போட்டு போட்டோ, வீடியோ சேமிக்க வைத்துக்கொள்ளலாம்.

தேதியும் நேரமும் ஒவ்வொரு முறையும் தப்பாகக் காட்டுகிறதா? மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். டேட் தப்பாக இருந்தால் பேங்க் வெப்சைட்டும் திறக்காது, இதை வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் அடிப்பவர்களும் உண்டு.

மழைக்காலம் முடிந்ததும் பீப் சத்தம் மட்டும் வருகிறது, திரையில் ஒன்றும் இல்லை என்றால் மலைவாசிகள் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேம். ஏற்காட்டுப் பனியும் ஈரமும் ரேமின் தொடுமுனைகளில் படிந்துவிடும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் அந்த முனையை மெதுவாகத் தேய்த்து மாட்டுவது சர்வீஸ் கடைகளில் காலம்காலமாக நடக்கும் வைத்தியம். இதற்காக 20 வளைவு இறங்கத் தேவையில்லை.

சுத்தமாக உயிரே இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸை வேறொன்று மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இடி, மின்னலோடு கரன்ட் போய் வந்த பிறகு இப்படி ஆவது சகஜம். அது மட்டும் போயிருந்தால் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். மதர்போர்டே போயிருந்தால் கதை வேறு.

அப்போ எப்போ மாத்தியே ஆகணும்?

எட்டு, பத்து வருஷ மெஷினில் மதர்போர்டு போச்சு என்றால் அதில் பணம் போடுவது வீண். சிப் லெவல் சர்வீஸ் செய்தாலும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. அதே மாதிரி, விண்டோஸ் 11-க்கும் தேறாது, ரேமும் ஏற்ற முடியாது, மொத்தச் செலவு புதிய கம்ப்யூட்டர் விலையில் பாதியைத் தொடுகிறது என்றால் நிறுத்திக்கொள்வது நல்லது.

மாற்றுவது என்றால் முழு செட்டையும் மாற்றுவது என்று அர்த்தம் இல்லை. டெஸ்க்டாப்பில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ் எல்லாம் அப்படியே இருக்கட்டும், பெட்டியை மட்டும் மாற்றலாம். அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த 8-ஆம் தலைமுறை மெஷின்கள் செகண்ட் ஹேண்டில் வருகின்றன. பில், வாரன்டி இரண்டும் தந்தால் யோசிக்கலாம். லேப்டாப்பில் மட்டும் ஒரு விஷயத்துக்குக் காத்திருக்கக் கூடாது. பேட்டரி உப்பி, டச்பேட் மேலே தள்ளுகிறது என்றால் அன்றே நிறுத்திவிடுங்கள். தீப்பிடிக்கும் ஆபத்து அது.

"கொஞ்சம் பொறுத்து வாங்கினா விலை குறையும்" சரியா?

வழக்கமாகச் சரி. இப்போ இல்லை. ஏஐ சர்வர்களுக்கான மெமரி சிப்களுக்கு உலகம் முழுக்கக் கிராக்கி. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டதால் சாதாரண ரேமின் விலை 2025 கடைசியில் கிடுகிடுவென ஏறியது. வீட்டு உபயோகத்துக்கான 'குருஷியல்' பிராண்டையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. ரேம் ஏறினால் புது லேப்டாப்பும் ஏறும். 2025 செப்டம்பர் 22-ல் வந்த ஜிஎஸ்டி குறைப்பும் இங்கே கைகொடுக்காது. ஏசிக்கு 28-ல் இருந்து 18 சதவீதமானது, லேப்டாப் முன்பே 18-ல்தான் இருந்தது.

இதனால் ரிப்பேரும் கொஞ்சம் கடிக்கும், புதுசு இன்னும் அதிகமாகக் கடிக்கும். ரேம், எஸ்எஸ்டி இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் முதலில் எஸ்எஸ்டி.

வீட்டில் கல்லூரி மாணவர் இருந்தால்?

2025-26 தமிழக பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என்று அறிவிக்கப்பட்டு, 2026 ஜனவரியில் லேப்டாப் விநியோகம் தொடங்கியது. அந்தப் பட்டியலில் வீட்டுப் பிள்ளை பெயர் வருமா என்று கல்லூரியில் விசாரித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. ஒரு வீட்டுக்கு இரண்டு மெஷின் தேவைப்படாது.

2011-ல் தொடங்கிய பழைய இலவச லேப்டாப் திட்டத்தின் முதல் தலைமுறை மெஷின்கள் இன்னும் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. 2 ஜிபி ரேம் கொண்ட அவற்றில் செலவு செய்ய வேண்டாம். ஆனால், அவற்றில் விண்டோஸோடு சேர்த்து, சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் கொடுக்கப்பட்டது பலருக்கு மறந்தே போயிருக்கும். லினக்ஸ் இலவசம், அப்டேட்டும் தொடர்ந்து வரும். 4 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ள மெஷினில் லினக்ஸ் மின்ட் போட்டால் பிரவுசிங், யூடியூப், தமிழ் டைப்பிங் எல்லாம் நடக்கும். டேலி, போட்டோஷாப் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது.

கடையில் கொடுக்கும் முன்...

முதலில் போட்டோக்களை பென் டிரைவிலோ வேறு டிஸ்க்கிலோ எடுத்துவிடுங்கள். மெஷின் ஆன் ஆகவில்லை என்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுக் கொடுக்கலாம். எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு வேலைக்கு அது தேவையில்லை. மாற்றப்படும் பாகத்தின் பெயர், விலை, வாரன்டி மூன்றையும் வாங்கும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் திருப்பிக் கேளுங்கள்.

மேலே இருந்து வருபவர்கள் புறப்படும் முன் கடைக்கு ஒரு போன் போட்டு, பீப் எத்தனை முறை அடிக்கிறது, ஃபேன் சுற்றுகிறதா, திரையில் என்ன எழுத்து வருகிறது என்று சொல்லிவிட்டு, அந்த பாகம் கடையில் இருக்கிறதா என்று கேட்டுவிடலாம். இல்லையென்றால் மறுபடியும் ஒரு முறை 20 வளைவு.