டிரோனுக்கு ஒரு பூட்டு வேண்டும்!

சிறுவர்கள் பட்டம் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். நூல் எவ்வளவு நீளமோ, அவ்வளவு தூரம்தான் பட்டம் போகும். டிரோனுக்கு நூல் கிடையாது. அதுதான் வம்பு!

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2025 ஜனவரி 7-ந் தேதி பெரிய தீ மூண்டது. மலைச்சரிவில் பிடித்த தீ, ஊருக்குள் பரவியது. 6 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிடங்கள் சாம்பலாயின. 12 பேர் மாண்டனர்.

கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் இருந்து வந்திருந்த 2 விமானங்கள் தீயை அணைத்துக் கொண்டிருந்தன. இவை அதிசய விமானங்கள். கடலை உரசியபடியே பறந்து, 12 வினாடியில் சுமார் 6 ஆயிரம் லிட்டர் தண்ணீரை அள்ளிவிடும். நெருப்பின் மேல் கொட்டிவிட்டு, திரும்ப வந்து மறுபடி அள்ளும்.

9-ந் தேதி அவற்றில் ஒன்றின் இறக்கையில் ஒரு சிறிய டிரோன் மோதியது. சுமார் 6 அங்குல நீளத்துக்கு ஓட்டை! விமானம் பத்திரமாக இறங்கியது. ஆனால், வீடுகள் எரிந்து கொண்டிருந்த வேளையில், அது பழுது பார்க்கப் போய்விட்டது.

டிரோனை விட்டவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. எரிந்த இடத்தைப் பார்க்கும் ஆசை, அவ்வளவுதான். பக்கத்து ஊரில் ஒரு கட்டிடத்தின் மாடியில் நின்று அனுப்பினார். அது இரண்டரை கிலோ மீட்டருக்கு அப்பால் போய், கண்ணுக்கு மறைந்துவிட்டது. கண் பார்வையை விட்டுப் போகவிடக் கூடாது என்பது சட்டம். தீ எரியும் இடத்தில் பறக்கவிடத் தடையும் இருந்தது.

விமானி பார்த்து விலகக் கூடாதா என்று கேட்பீர்கள். எதிரே வருவது விமானமானால் பார்ப்பார். வேகமாகப் போகிறவர், புகைக்கு நடுவே கையகல டிரோனை எப்படிப் பார்ப்பார்?

அந்த மனிதர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 65 ஆயிரம் டாலருக்கு மேல் நஷ்ட ஈடு தரவும், 150 மணி நேரம் சமூக சேவை செய்யவும் சம்மதித்தார். நல்லது. ஆனால், இறக்கையில் ஓட்டை விழுந்த பிறகுதானே இதெல்லாம்?

டிரோனுக்குள்ளேயே ஒரு பூட்டு வைக்கலாம். தடை உள்ள இடத்தில் அது கிளம்பாது. டி.ஜே.ஐ. என்ற பெரிய சீனக் கம்பெனி, அமெரிக்காவில் விற்ற டிரோன்களில் இப்படிப்பட்ட பூட்டை வைத்திருந்தது. அதே ஜனவரி மாதத்தில் அதை எடுத்துவிட்டது! இப்போது எச்சரிக்கை மட்டும் வரும். "பறக்க விடுகிறவர்தான் பொறுப்பு" என்கிறார்கள். அனுமதி பெற்ற மீட்புப் படையினரையும் பூட்டு தடுக்கிறது என்ற புகாரும் இருந்தது.

அப்படியானால் அவர்களுக்குச் சாவியைக் கொடுக்கட்டும். எல்லோருக்கும் ஏன் கதவைத் திறந்துவிட வேண்டும்? ஆசை வந்தவன் எச்சரிக்கையைப் படித்துக் கொண்டிருக்க மாட்டான்.

நம் நாட்டில் 2021-ல் வந்த டிரோன் விதிகளில், இத்தகைய பூட்டை அரசாங்கம் கட்டாயமாக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. கல்யாண வீட்டுக்கு வீடு டிரோன் பறக்கிற காலம் இது. அந்த விதியை வெறும் ஏட்டில் வைத்திருக்கக் கூடாது.